ஏழு வரை சரி... எட்டில் போச்சு!

கீரனூர் கடைத்தெருவில் டீ குடித்துவிட்டு, செல்போனைக் காட்டிக் காசு கொடுக்கிறீர்கள். அந்தக் காசை வழியில் யாரும் தட்டிப் பறிக்காமல் காவல் காப்பவை பகா எண்கள். 2, 3, 5, 7, 11... என்று, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதாலும் வகுபடாத பிடிவாதக்கார எண்கள். காவலுக்கு வருபவை இந்த மாதிரி சுண்டைக்காய்கள் அல்ல. ஒவ்வொன்றிலும் பல பத்து, ஏன், சில நூறு இலக்கங்கள்கூட இருக்கும்!

ஓர் எண் பகா எண்தானா என்று சொல்ல பழைய சூத்திரம் ஒன்று உண்டு. கி.பி. 1000 வாக்கிலேயே அரபு அறிஞர் இப்னு அல்-ஹைத்தமுக்குத் தெரிந்திருந்தது. 1771-ல் லக்ராஞ்ச் நிரூபித்தார். பெயர் என்னவோ வில்சன் என்ற ஆங்கிலேயருக்குப் போய்விட்டது! சூத்திரம் சுலபம்தான். 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய எண்களைப் பெருக்கினால் 24. ஒன்றைக் கூட்டினால் 25. ஐந்தால் வகுபடுகிறதா? அப்போ 5 பகா எண். 6-க்கு இதையே செய்தால் 121 வரும். வகுபடாது. ஆள் போலி!

1930-ல் இந்தச் சூத்திரத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார் ஒரு தமிழர். எஸ்.எஸ். பிள்ளை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் 1901-ல் பிறந்தவர். அப்போது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்.

அவர் கேட்டது இதுதான்: ஒன்றிலிருந்து ஏதோ ஓர் எண் வரை பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். வரும் விடையை வகுக்கும் பகா எண்ணில் ஒன்று குறைத்தால், மிச்சம் எப்போதும் அந்த முதல் எண்ணால் வகுபடுமா?

போட்டுப் பார்ப்போமே. 5 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 121. அதை வகுப்பது 11. ஒன்று போனால் 10. ஐந்தால் வகுபடுகிறது, பலே! 6 வரை போனால் 721. அது 7 × 103. 6-ம் 102-ம் ஆறால் வகுபடுகின்றன. 7-க்கு 5041. அது 71 × 71. எழுபது ஏழால் வகுபடும். ஆஹா, விதி கிடைத்துவிட்டது என்று துள்ளத் தோன்றுகிறது அல்லவா?

எட்டில் போச்சு! விடை 40321. அது 61 × 661. அறுபதை எட்டால் வகுத்தால் மீதி 4.

14-க்குப் போனால் இன்னும் வேடிக்கை. விடை 8717,82,91,201. அதை உடைத்தால் ஒரு பக்கம் குட்டி 23. மறுபக்கம் 379,03,60,487 - அதாவது 379 கோடிச் சொச்சம்! அந்த ராட்சதனும் பகா எண்தான். இரண்டுமே பிள்ளை கேட்ட விதிக்கு அடங்கவில்லை.

ஆக, கேள்விக்குப் பதில் 'இல்லை'. ஆனால் கேள்வி சாகவில்லை. விதியை மீறிய அந்த எண்களுக்கே 'பிள்ளை பகா எண்கள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்! அவற்றுக்கு முடிவே இல்லை என்பதும் நிரூபணமாகியிருக்கிறது. ஹார்டி, சுப்பாராவ் என்ற இருவர் (ராமானுஜனின் ஹார்டி அல்ல, இவர் வேறு) பிள்ளையின் இதே கேள்வியை வைத்து எழுதிய கட்டுரை, 2002-ல் அமெரிக்கக் கணித இதழ் ஒன்றில் வந்தது.

அதைப் பார்க்க பிள்ளை இல்லை. 1950-ல் பிரின்ஸ்டனில் ஓராண்டு ஆராய்ச்சி செய்ய அழைப்பு. ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு வேறு. கிளம்பினார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமானம் விழுந்து நொறுங்கியது. 55 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ராமானுஜன் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். வல்லத்துப் பிள்ளையை எத்தனை பேருக்குத் தெரியும்? அடங்காத அந்த எண்கள்தான் அவர் பெயரைச் சுமந்துகொண்டிருக்கின்றன.