கரியும் காற்றும்

கரியை எரித்து வளர்ந்தது கைத்தொழில் யுகம். அக்கரியினின்று எழும் காபனீரொட்சைட்டு வெப்பத்தை உறிஞ்சுவதென்பதை 1859இல் ஜோன் டிண்டால் ஆய்ந்து காட்டினார். அவ்வாயு பெருகின் புவி சூடேறும் என 1896இல் சுவீடன் அறிஞர் அரீனியசு கணக்கிட்டார். புவி சூடேறக் கடல் உயரும். தாழ்ந்து கிடக்கும் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டிக்கு இஃது ஏட்டுக் கணக்கன்று. 1990 ஒக்டோபரில் அவ்வூர் மக்கள் வெளியேற்றப்பட்டனர். புத்தளத்தில் நெடுங்காலம் அகதிகளாய் வாழ்ந்தனர். 2009இல் போர் முடிந்தபின் பலர் மீண்டனர். மீண்ட மண் நிலைத்தல் வேண்டும்.

எழுந்த வாயுவை மாற்றியமைக்க இயலுமா? தான் செலவாகாது பிற பொருள்களின் மாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள் ஊக்கி எனப்படும். இவ்வினைக்கு 1835இல் பேர்சீலியசு பெயரிட்டார். 1902இல் பிரெஞ்சு அறிஞர் சபாத்தியேயும் சென்டரன்சும் நிக்கலை ஊக்கியாக்கிக் காபனீரொட்சைட்டையும் ஐதரசனையும் மெதேனாக மாற்றினர். சபாத்தியே 1912இல் நோபல் பரிசு பெற்றார்.

1991இல் யப்பானிய அறிஞர் இஜிமா, காரீயக் கோல்களிடையே மின்வில் எரிந்தபின் படிந்த கரியிலே காபன் நுண்குழாய்களைக் கண்டார். மயிரிழையினும் ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லியவை அவை. காரீயமோ போகல, கஹட்டகஹ சுரங்கங்களால் இலங்கைக்குப் பழக்கமான பொருள். நுண்குழாயின் சுவரில் நிக்கல், கோபாற்று முதலிய உலோகங்களைத் தூவினாற்போற் பதித்தால், சிறிதளவு உலோகமும் பரந்த மேற்பரப்பில் வாயுவைச் சந்திக்கிறது. இத்தகைய ஊக்கிகள் இன்றும் பெரும்பாலும் ஆய்வுகூடங்களிலேயே உள்ளன.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வயல் உரத்தினின்று எழும் நைதரசு ஒட்சைட்டு, நைதரசனும் ஒட்சிசனுமாகப் பிரிகையிற் சக்தியை வெளிவிடும். காபனீரொட்சைட்டோ அத்தகையதன்று. கரி எரிந்தபோது பெற்ற சக்தியை, அவ்வாயுவைப் பிரிக்கையில் திருப்பிக் கொடுத்தே தீரவேண்டும். ஊக்கி வழியைச் சுருக்கும், கூலியை ஒழிக்காது.

அக்கூலியை எதனாற் கொடுப்பது? நுரைச்சோலையின் 900 மெகாவாற்று அனல்மின் நிலையம் கரியையே எரிக்கிறது. அம்மின்சாரத்தைக் கொண்டு வாயுவைப் பிரிக்க முனைதல், கடனைக் கடனால் அடைப்பதாகும். 2020இல் மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் தம்பபவனி நிலையம் திறக்கப்பட்டது. கரியின்றிப் பிறக்கும் அத்தகைய மின்சாரமே ஊக்கிக்குத் துணையாகும். காற்றாலைகளை நிறுவுகையில் மீனவர் தொழிலும் வலசைப் பறவைகளின் வழியும் காக்கப்படல் வேண்டும்.

வாயுவைப் பெருக்காதிருத்தல் முதற் கடமை. பெருகியதை மாற்றுதல் அடுத்தது. இவ்வரிசை பிறழுமாயின் எந்த நுண்குழாயும் கடலைத் தடுத்து நிறுத்தாது.