துணைப் புரதங்கள் எழுதிய ஒரு நொதியின் வரலாறு

கொழுப்பு மிகுந்த உணவை உண்ட சில மணி நேரத்தில் குருதிநீர் பால்போல் வெண்மையாகக் கலங்கும், பின்னர்த் தெளியும். அத்தெளிவு நிகழும் முறை முழுமையாக விளங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

1943இல் அமெரிக்க ஆய்வாளர் பால் ஹான், நாய்களுக்கு ஹெப்பரின் செலுத்தியபோது கலங்கிய குருதிநீர் விரைவில் தெளிவதைக் கண்டார். அதே ஹெப்பரினை உடலுக்கு வெளியே குருதிநீருடன் கலந்தபோது அது தெளியவில்லை. எனவே தெளியச் செய்தது ஹெப்பரின் அன்று. உடலுக்குள் எங்கோ ஒட்டியிருந்த ஒன்றை அது விடுவித்திருக்க வேண்டும். அந்த ஒன்று 'தெளிவிக்கும் காரணி' எனப்பட்டது. 1955இல் எட்வர்டு கார்ன் அதை டிரைகிளிசரைடைச் சிதைக்கும் நொதி என நிறுவி, 'லைப்போபுரோட்டீன் லைப்பேஸ்' என்றார்.

பெயர் கிடைத்தது, செயல் விளங்கவில்லை. இந்நொதி தனித்து இயங்குவதில்லை என்பது 1970இல் தெரியத் தொடங்கியது. அப்போபுரோட்டீன் சி-2 என்னும் சிறு புரதம் அதைத் தூண்டுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டின. 1978இல் டொரொண்டோ மருத்துவர்கள் விவரித்த நோயாளி ஒருவர் இதற்கு மனிதச் சான்றானார். அவரிடம் அப்புரதமே இல்லை; குருதியில் டிரைகிளிசரைடு பெருகியிருந்தது. பிறர் குருதி ஏற்றப்பட்டதும் அந்த அளவு சட்டெனக் குறைந்தது. குறை நொதியில் இல்லை, அதன் துணையில் இருந்தது.

மற்றொரு புதிர் எஞ்சியது. நொதி உருவாவது கொழுப்புத் திசுவிலும் தசையிலும். பணிபுரிவதோ தந்துகியின் உட்சுவரில். இடையிலுள்ள சுவரை அது கடப்பது எப்படி? 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஜி.பி.ஐ.எச்.பி.பி.1 என்னும் புரதத்தை அறிவித்திருந்தனர். எச்.டி.எல். துகளைப் பிணைப்பது என்பதால் அப்பெயர் அமைந்தது. 2007இல், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் யங் குழுவினர் அப்புரதம் அற்ற எலிகளின் குருதிநீர் பாலாக மாறியிருப்பதைக் கண்டனர். நொதியைப் பற்றித் தந்துகிக்குள் கொண்டு சேர்ப்பது அப்புரதமே என்பது 2010இல் உறுதியாயிற்று. பழைய உறவைச் சுட்டும் பெயர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

இந்த உறவுகளை அறிவதன் பயன் நோயாளியின் படுக்கையருகே தெரிகிறது. குருதியில் டிரைகிளிசரைடு மிகப் பெருகினால் கணையம் அழற்சியுற்று உயிருக்கே ஆபத்து நேரலாம். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, சிலருடைய உடலே ஜி.பி.ஐ.எச்.பி.பி.1க்கு எதிரான எதிர்ப்பொருளை உருவாக்குவதைக் காட்டியது. நொதி பழுதற்றிருந்தும், துணையுடன் சேர இயலாமல் அது வெளியிலேயே நின்றுவிடுகிறது. அத்தகைய தாய் ஒருவரின் எதிர்ப்பொருள் சிசுவின் குருதியிலும் இருந்தது. அதன் குருதியும் கலங்கிச் சில காலத்தில் தெளிந்தது. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளால் நோயாளிகள் இருவர் பயன்பெற்றனர். நொதியை மட்டும் ஆராய்ந்திருந்தால் அவர்களது நோயின் காரணமே கண்ணில் பட்டிராது.