கிலிச்: வாளின் பெயரைச் சுமந்த மனிதன்

உலக வரலாற்று நூல்களிலே துருக்கியரின் வளைந்த வாளைக் காட்டும் படத்தின் கீழ் 'கிலிஜ்' என்று எழுதியிருப்பதைச் சிலர் கண்டிருப்பீர்கள். ஏதோ தனிச்சிறப்புடைய ஓர் ஆயுதத்தின் பெயரென்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். துருக்கி மொழியிலோ அது வாள் என்பதற்குரிய பொதுச் சொல். நேரானதும் கிலிச், வளைந்ததும் கிலிச். பிறநாட்டாரே அப்பொதுச் சொல்லை எடுத்து ஒருவகை வாளுக்கு மட்டும் உரியதாக்கினர்.

சொல்லின் ஒலியைப் பற்றித் தமிழாசிரியன் என்ற முறையில் ஒரு வார்த்தை. 'கிலிச்' என்று நான் எழுதினாலும் அதில் வரும் உயிர் நமது இகரமன்று. துருக்கியர் புள்ளியில்லாத ஓர் எழுத்தால் அதனைக் குறிப்பர். இதழ் குவியாமல், நாக்கைப் பின்னிழுத்துச் சொல்லும் ஒலி அது. ஐரோப்பியர் அதைச் சொல்லத் திணறுவர். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 'நாடு', 'காது' என்ற சொற்களின் இறுதியில் நாம் ஒலிக்கும் குற்றியலுகரம் அதற்கு மிக நெருங்கியது.

இனி வாளின் வடிவம். கைப்பிடியை அடுத்து ஓரளவு நேராகச் செல்லும் அலகு, பின்னர் வளைகிறது. முனையை அண்டிய பகுதியிலே அது சற்று அகன்று, முதுகுப்புறமும் கூர்தீட்டப்பட்டிருக்கும். அப்பகுதிக்கு 'யல்மான்' என்று பெயர். பாரசீகரின் ஒடுங்கிய 'ஷம்ஷீர்' வாளில் இது கிடையாது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்த ஐரோப்பியர் இந்த வேற்றுமையைக் கவனிக்கவில்லை. யல்மானாற் கனம் முனைப்பக்கம் சேர்வதால் வெட்டு ஆழமாக இறங்கும். விரையும் குதிரைமீதிருந்து வீசும்போது வளைந்த அலகு சிக்கிக்கொள்ளாது இழுத்தறுத்துக்கொண்டு வெளிவரும். வளைவு எவ்வாறு அறுக்கும் என்பது அரிவாள் பிடித்துக் கதிர் அறுத்தவர்க்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

துருக்கியர் வாழ்விலே இச்சொல் ஆயுதத்தோடு நின்றுவிடவில்லை. முதலாம் சிலுவைப் போரினரை எதிர்த்த செல்யூக் சுல்தானின் பெயர் கிலிச் அர்சலான், அதாவது 'வாள் சிங்கம்'. ஒஸ்மானியப் படைவீரனுக்கு வழங்கப்பட்ட மானிய நிலத்தின் பிரிக்கக்கூடாத அடிப்படைப் பங்குக்கும் கிலிச் என்றே பெயர். சுல்தான் அரியணை ஏறும்போது இஸ்தான்புல்லின் எயூப் பகுதியிலே இடையில் வாள் தரிக்கும் சடங்கு நடைபெறும். கடைசியாக 1918இல் ஆறாம் மெஹ்மத் அவ்வாறு வாள் தரித்தார். நான்கு ஆண்டுகளிலே சுல்தான் ஆட்சியே இல்லாது போயிற்று.

ஆயினும் இச்சொல்லை நினைக்கும்போதெல்லாம் என் மனத்தில் வந்து நிற்பவர் அரசர் எவருமல்லர். துடுப்பு வலித்த ஓர் அடிமை.

இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியாக் கரையிலே, லெ கஸ்தெல்லா என்றொரு ஊர். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு பிறந்த ஜொவான்னி என்ற இளைஞனைக் கடற்கொள்ளையர் பிடித்துச் சென்றனர். துடுப்பு வாங்கிலே சங்கிலியாற் கட்டுண்டு ஆண்டுக்கணக்காக வலித்தான். தலையிலே சொறி நோய். சக அடிமைகளே அருவருத்தனர். பின்னர் இஸ்லாத்தைத் தழுவி அலி என்று பெயர் பெற்றான். அந்த அலி என்ற பெயருக்கு முன்னே 'உலுச்' என்ற அடைமொழியும் ஒட்டிக்கொண்டது. அந்நியன், மதம் மாறி வந்தவன் என்பது அதன் பொருள். கப்பற்றலைவனாகி, அல்ஜியர்ஸின் ஆளுநராக உயர்ந்த பிறகும் அவர் உலுச் அலியே. ஒருவரை ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் 'நீ வெளியாள்' என்று நினைவூட்டுவதற்கு இதைவிட எளிய வழி உண்டா?

1571 ஒக்டோபர் 7ஆம் திகதி லெபாந்தோக் கடற்போரிலே ஒஸ்மானியக் கப்பற்படை அழிந்தது. பிரதான தளபதி மாண்டார். இடதுபுற அணியை நடத்திய உலுச் அலி மட்டும், மால்டா வீரர்களின் தலைமைக் கப்பலிலிருந்து கைப்பற்றிய கொடியோடு, தப்பிய கலங்களைத் திரட்டிக்கொண்டு தலைநகர் சேர்ந்தார். சுல்தான் இரண்டாம் செலிம் அவரைக் கடற்படைத் தலைவராக்கினார். கூடவே பெயரையும் மாற்றினார். உலுச் அலி அன்று முதல் கிலிச் அலி ஆனார். இரு சொற்களுக்குமிடையே ஒலியிலுள்ள வேறுபாடு எவ்வளவு சிறிது! அச்சிறு மாற்றத்திலே வெளியாள் பேரரசின் வாளாகிவிட்டார். அடுத்த ஆண்டிலேயே புதிய கப்பற்படையுடன் அவர் கடலிலே தோன்றியபோது ஐரோப்பா திகைத்தது.

அதே லெபாந்தோவிலே எதிர்ப்பக்கத்தில் நின்று இடக்கையின் பயனை இழந்தவர் 'டொன் கிஹோட்டே' எழுதிய செர்வாந்திஸ். பின்னர் அல்ஜியர்ஸிலே 5 ஆண்டுகள் சிறையிருந்தவர். அந்நாவலில் வரும் கைதியின் கதையிலே நம் அலியை அவர் நினைவுகூர்கிறார். சொறியன் என்ற பட்டப்பெயரையும் மறைக்கவில்லை. தம் கைதிகளை மனிதத்தன்மையோடு நடத்தியவர் என்பதையும் மறைக்கவில்லை. பகைவனிடமிருந்து வந்த இச்சான்றை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

கிலிச் அலி 1587இல் காலமானார். மாபெருங் கட்டடக் கலைஞர் சினான் அவருக்காக அமைத்த பள்ளிவாசல் இஸ்தான்புல்லின் தொப்ஹானேயில் இன்றும் உண்டு; அவருடைய சமாதியும் அங்கேதான். பிறந்த ஊராகிய லெ கஸ்தெல்லாவும் அவரை மறக்கவில்லை. மார்பளவுச் சிலை வைத்திருக்கிறது. ஆனால் இத்தாலியர் நாவிலே அவர் இன்னமும் 'உச்சாலி'. சுல்தான் மாற்றிய பெயர் அந்தக் கரைவரை சென்று சேரவில்லை.