துணைக்கோளே துலாக்கோல்

யானையை நிறுத்த கதையை நாம் அனைவரும் இளமையில் கேட்டிருக்கிறோம். யானையைத் தோணியில் ஏற்றி, தோணி நீரில் அமிழ்ந்த அளவைக் குறித்துக்கொண்டு, பின்னர் அதே அளவு அமிழும்வரை கற்களை ஏற்றி, அக்கற்களைத் தனித்தனியே நிறுத்துக் கூட்டினான் ஓர் அறிவாளி. தட்டில் ஏறாத பொருளையும் நிறுக்க வழியுண்டு என்பதே அக்கதையின் சுவை. அவ்வாறாயின் வியாழனையும் சனியையும் செவ்வாயையும் நிறுத்தவர் யாவர்? எந்தத் தோணியில் ஏற்றி நிறுத்தனர்? அத்தோணிதான் துணைக்கோள். நிலவு உடைய கோளை நிறுப்பது எளிது. நிலவு இல்லாத கோளோ தன் எடையை எளிதில் வெளியிடுவதில்லை. இவ்வொரு செய்தியைப் பற்றிக்கொண்டு முந்நூறு ஆண்டு வரலாற்றில் சிறிது உலாவி வருவோம்.

1610 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கலிலியோ தம் தொலைநோக்கியில் வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டார். 1619 இல் கெப்ளர், கோள்கள் ஞாயிற்றைச் சுற்றும் காலத்திற்கும் அவற்றின் தொலைவிற்கும் உள்ள உறவை வெளியிட்டார். தொலைவை மும்மடி பெருக்கி, காலத்தை இருமடி பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் எல்லாக் கோள்களுக்கும் ஒரே ஈவு கிடைக்கிறது. ஏன் அவ்வாறு கிடைக்கிறது என்பதைக் கெப்ளர் அறியவில்லை. 1687 இல் 'பிரின்சிப்பியா' என்னும் நூலில் நியூட்டன் விடை கண்டார். அந்த ஈவு, நடுவில் நின்று ஈர்க்கும் பொருளின் பொருண்மையைக் காட்டும் எண்ணேயாகும்.

இங்கே வியப்பிற்குரிய ஒன்று உண்டு. சுற்றும் பொருளின் பொருண்மை இக்கணக்கில் ஏறக்குறைய இடம் பெறுவதே இல்லை. இருமடங்கு கனத்த பொருளை ஈர்ப்பாற்றல் இருமடங்கு இழுக்கிறது. ஆனால் அதனை வளைத்துச் செலுத்தவும் இருமடங்கு ஆற்றல் வேண்டும். வரவும் செலவும் நேராகிவிடுகின்றன. 2014 செப்டம்பர் 24 ஆம் நாள் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய நம் நாட்டு மங்கள்யானையும், மலைபோன்ற ஃபோபாஸ் என்னும் செவ்வாயின் நிலவையும் ஒரே தொலைவில் சுற்றவிட்டால், இரண்டும் ஒரே காலத்தில் சுற்றி முடிக்கும். தன் எடையை மறைத்துத் தலைவனின் எடையை மட்டும் உரைக்கும் தூதன் எனத் துணைக்கோளைச் சொல்லலாம்.

அன்பர்கள் தாளும் கோலும் எடுத்துத் தாமே செய்து பார்க்கத்தக்க கணக்கு ஒன்று. நம் திங்கள் 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் 27.3 நாளில் ஒருமுறை புவியைச் சுற்றுகிறது. வியாழனின் நிலவாகிய அயோ, ஏறக்குறைய 4,22,000 கிலோமீட்டர் தொலைவில் 1.77 நாளில் சுற்றிவிடுகிறது. தொலைவில் பெரிய வேற்றுமை இல்லை. காலத்திலோ பதினைந்து மடங்குக்கு மேற்பட்ட விரைவு. தொலைவுகளின் விகிதத்தை மும்மடியும் காலங்களின் விகிதத்தை இருமடியும் பெருக்கிப் பார்த்தால், வியாழன் புவியைப்போல் ஏறக்குறைய 315 மடங்கு என்று வரும். இன்று ஏற்கப்பட்ட அளவு 318. குறைந்த மூன்று மடங்கு எங்கே போயிற்று? துல்லியமாகச் சொன்னால் கணக்கு காட்டுவது சுற்றப்படும் பொருள், சுற்றும் பொருள் இரண்டின் கூட்டுத்தொகையை. நம் திங்கள் புவியின் 81 இல் ஒரு பங்கு. அதனை அறவே புறக்கணித்ததால் வந்த வேறுபாடே பெரும்பாலும் இது.

நியூட்டன் இவ்வழியில் கோள்களை நிறுத்தார். 1726 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் வியாழன் ஞாயிற்றின் 1067 இல் ஒரு பங்கு என்றும், சனி 3021 இல் ஒரு பங்கு என்றும் காண்கிறோம். இன்றைய அளவுகள் முறையே 1047, 3498. அக்காலக் கருவிகளை எண்ணிப் பார்த்தால் இது போற்றத்தக்கதே. ஆனால் அந்தப் பட்டியலில் புதனும் வெள்ளியும் செவ்வாயும் இல்லை. அவற்றிற்கு நிலவு காணப்படவில்லை. ஆகவே நியூட்டனின் துலாக்கோல் அங்கே செல்லவில்லை. மேலும் இவையெல்லாம் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்ட அளவுகளே. ஈயக் குண்டுகளின் நுண்ணிய ஈர்ப்பை அளந்து காவெண்டிஷ் 1798 இல் புவியின் அடர்த்தியை வெளியிட்ட பின்னரே, படிக்கல் கணக்கில் கோள்களின் எடையைச் சொல்ல முடிந்தது.

செவ்வாய் நெடுநாள் காத்திருந்தது. அண்டைக் கோள்களை அது சற்றே இழுத்து நிலை பிறழச் செய்வதைக் கொண்டு, பிரெஞ்சு நாட்டு லெவெரியே பல்லாண்டுக் கணக்கீட்டின் பின் அதன் பொருண்மையை மதிப்பிட்டார். 1877 ஆகஸ்டில் வாஷிங்டன் கடற்படை வானாய்வகத்தில் ஆசஃப் ஹால் செவ்வாயின் நிலவுகள் இரண்டையும் கண்டார். தேடிச் சலித்துக் கைவிட இருந்தவரை மீண்டும் தொலைநோக்கியிடம் அனுப்பியவர் அவர் மனைவி ஏஞ்சலின் ஸ்டிக்னி. ஃபோபாசின் மிகப் பெரிய பள்ளம் இன்று அவ்வம்மையார் பெயரைத் தாங்கி நிற்பது மிகப் பொருத்தம். பல்லாண்டு உழைப்பால் லெவெரியே எட்ட முயன்ற அளவை, அந்நிலவுகளைச் சில இரவுகள் நோக்கியே ஹால் அதனினும் செம்மையாகப் பெற்றார். செவ்வாய் ஞாயிற்றின் ஏறக்குறைய 31 இலட்சத்தில் ஒரு பங்கு. நிலவே இல்லாத வெள்ளிக்கும் புதனுக்கும் 1962 இலும் 1974 இலும் அருகே பறந்து சென்ற மாரினர் விண்கலங்கள்தாம் செம்மையான எடையைத் தந்தன.

இனிப் புளூட்டோவிற்கு வருவோம். நம் கருத்தில் இவ்வரலாற்றின் உச்சம் இதுவே.

யுரேனசின் இயக்கத்தில் சிறு பிறழ்ச்சி எஞ்சியிருப்பதாகக் கருதிய அமெரிக்கச் செல்வர் பெர்சிவல் லோவெல், நெப்டியூனுக்கு அப்பால் புவியைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு பொருண்மையுடைய கோள் ஒன்று இருக்க வேண்டும் என்று 1915 இல் கணித்தார். அடுத்த ஆண்டே காலமானார். அவர் நிறுவிய ஆய்வகத்தில், அதுவரை பட்டம் ஏதும் பெறாத உழவர் மகனாகிய கிளைடு டாம்பா, 1930 பிப்ரவரி 18 ஆம் நாள் ஒளிப்படத் தகடுகளை ஒப்பிட்டுப் புளூட்டோவைக் கண்டார். லோவெலின் கணக்கு வென்றது என உலகம் ஆரவாரித்தது.

ஆனால் அதன் எடையோ தேயத் தொடங்கியது. 1931 இல் புவியின் அளவு என்றனர். 1940களின் இறுதியில் பத்தில் ஒரு பங்கு என்றனர். 1976 இல் அதன் மேல் மீத்தேன் பனி உறைந்திருப்பது தெரிந்தது. பனி மிகுந்த ஒளியைத் திருப்புவதாகையால் கோள் சிறிதாகவே இருக்க வேண்டும் எனக் கொண்டு, நூறில் ஒரு பங்குக்கு இறக்கினர். எதுவும் நிறுத்துச் சொன்னதன்று. ஒளியையும் பிறழ்ச்சியையும் கொண்டு உய்த்துணர்ந்தவையே. இப்போக்கில் போனால் 1984 இல் புளூட்டோ அறவே மறைந்துவிடும் என்று 1980 இல் அறிவியலாளர் இருவர் வேடிக்கையாகக் கட்டுரை எழுதினர்.

வேடிக்கைக் கட்டுரை வருமுன்னரே துலாக்கோல் கிடைத்துவிட்டது. 1978 ஜூன் 22 ஆம் நாள், ஹால் பணிபுரிந்த அதே கடற்படை வானாய்வகத்தில் ஜேம்ஸ் கிறிஸ்டி என்பார் புளூட்டோவின் தகடுகளை அளந்துகொண்டிருந்தார். உருவத்தின் ஓரம் புடைத்திருந்தது. தகடு அசைந்திருப்பின் அருகிலுள்ள விண்மீன்களும் நீண்டு தோன்ற வேண்டுமே! அவை நீளவில்லை. பழைய தகடுகளைத் தேடி எடுத்தார். அவற்றிலும் அப்புடைப்பு இருந்தது. குறையுள்ளவை என்று முன்னரே ஒதுக்கப்பட்டவையும் அவற்றுள் இருந்தன. ஒதுக்கிய கோப்பில் உயிருள்ள செய்தி உறங்குவது நம் போன்ற அலுவலகத்தார்க்குப் புதிதன்று. புடைப்பு 6.39 நாளுக்கு ஒருமுறை புளூட்டோவைச் சுற்றி வந்தது. அது ஒரு நிலவு. ஷார்லீன் என்னும் தம் மனைவியின் பெயரை நினைந்து கிறிஸ்டி அதற்கு ஷாரன் எனப் பெயரிட்டார். கிரேக்கத் தொன்மத்தில் இறந்தோரை ஆற்றின் அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் தோணிக்காரனின் பெயரும் அஃதே. யானைக்கு வாய்த்தது போலப் புளூட்டோவிற்கும் தோணியே வாய்த்தது!

ஷாரனின் தொலைவு இன்றைய அளவில் ஏறக்குறைய 19,600 கிலோமீட்டர். மேலே சொன்ன கணக்கை மீண்டும் செய்தால், புளூட்டோவும் ஷாரனும் சேர்ந்தே புவியின் 400 இல் ஒரு பங்குக்கு மேல் இல்லை. புளூட்டோ மட்டும் ஏறக்குறைய 460 இல் ஒரு பங்கு. நம் திங்களின் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஷாரன் புளூட்டோவின் எட்டில் ஒரு பங்கு இருப்பதால், இரண்டும் தமக்கு இடைப்பட்ட வெற்றிடத்திலுள்ள ஒரு புள்ளியைச் சுற்றுகின்றன. இங்கே தூதன் தன் எடையை மறைக்க இயலவில்லை.

இத்துணைச் சிறிய பொருள் யுரேனசை இழுத்து நிலை பிறழச் செய்யாது. அவ்வாறாயின் லோவெல் கண்ட பிறழ்ச்சி? 1989 இல் நெப்டியூனருகே சென்ற வாயேஜர் 2, அக்கோளின் பொருண்மை முன்பு கொண்டதைவிட அரை விழுக்காட்டளவு குறைவு எனக் காட்டியது. அத்திருத்தத்தோடு 1993 இல் கணக்கிட்டபோது பிறழ்ச்சியே மறைந்துவிட்டது. லோவெல் நிறுத்தது இல்லாத ஒரு கோளை. அவர் சுட்டிய திசையருகே புளூட்டோ அகப்பட்டது தற்செயல். கணக்கிற்குச் சென்ற புகழில் பெரும்பகுதி, ஏறக்குறைய ஓராண்டுக்காலம் தகடு தகடாகப் பார்த்து உழைத்த அந்த உழவர் மகனுக்கே உரியது என்பது நம் துணிபு.

2006 ஆகஸ்டில் பிராகா நகரில் கூடிய வானியலார் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கிக் குறுங்கோள் என்றனர். அதற்குத் தூண்டுகோலானது அதனினும் தொலைவில் கண்டறியப்பட்ட ஈரிஸ். விட்டத்தில் ஈரிஸ் சற்றே சிறியது என்பது பின்னர்த் தெரிந்தது. ஆயினும் பொருண்மையில் அது புளூட்டோவைவிட 27 விழுக்காடு மிகுதி என்று 2007 இல் வெளியாயிற்று. ஏறக்குறைய பதினாறு நாளுக்கு ஒருமுறை ஈரிசைச் சுற்றிவரும் டிஸ்னோமியா என்னும் சிறு நிலவே அதனை உரைத்தது.