மீற்றரும் அணுவும்: நீள அளவைகளை இணைத்த வரலாறு

நீள அளவைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுதல் எளிய கணக்கென்றே மாணவர் பலர் எண்ணுவர். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றரோ ஒரு கோடி அங்ஸ்ரொம். ஆகவே ஓர் அங்குலம் 25 கோடியே 40 இலட்சம் அங்ஸ்ரொம் என ஒரே வரியில் விடை கூறிவிடலாம். ஆயின், கையாற் பிடித்தளக்கும் கோலையும் கண்ணுக்குப் புலனாகாத அணுவிடைத் தூரத்தையும் மெய்யாகவே பிணைத்தற்கு அறிவியலுலகம் நூறாண்டுக்கு மேல் உழைக்க வேண்டியதாயிற்று.

பழந்தமிழ் நீட்டலளவை வாய்பாடும் அணுவிலிருந்தே தொடங்குகின்றது. துகள், மயிர்நுனி, நுண்மணல், எள், நெல் என எட்டெட்டாக ஏறி அது விரலை அடைகின்றது. எட்டை எட்டுமுறை பெருக்கின் ஒரு விரலுக்கு 1,67,77,216 அணு என்றாகும். இது சிந்தையாற் கண்ட அடுக்கேயன்றி அளவீட்டாற் பெற்ற முடிபன்று. நுண்ணிய நீளங்களை அளந்தே காணும் முயற்சி 19ஆம் நூற்றாண்டில் ஒளியின் துணையால் வலுப்பெற்றது.

சுவீடன் நாட்டு உப்சலாப் பல்கலைக்கழகத்து அறிஞர் அங்ஸ்ரொம், 1868ஆம் ஆண்டில் ஞாயிற்றொளியின் நிறமாலைக் கோடுகள் ஏறத்தாழ ஆயிரத்தின் அலைநீளங்களை வெளியிட்டார். மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்கினை அவர் அலகாகக் கொண்டார். அவ்வலகு பின்னர் அவர் பெயரையே பெற்றது. தம் அளவுகோலைப் பாரிசிலுள்ள நியமத்துடன் ஒப்பிடுவித்து, அதன்படி முடிவுகளைத் திருத்தவும் செய்தார். அவ்வொப்பீடே பிழையாயிருந்தமையால், திருத்திய எண்கள் திருத்தாதவற்றிலும் பிழை மிகுந்தனவாயின. கோலிற் புகுந்த குற்றம் அலைநீளம் ஒவ்வொன்றிலும் புகுந்தது.

இக்குறை நீங்கக் கோலையே ஒளியால் அளத்தல் வேண்டும். 1892-93இல் மைக்கல்சன் பாரிசையடுத்த செவ்ரிலே அதனைச் செய்து, ஒரு மீற்றரில் கட்மியத்தின் செவ்வொளி அலைகள் 1,553,163.5 அடங்குமெனக் கண்டார். 1907இல் அவ்வொளியின் அலைநீளம் 6438.4696 அங்ஸ்ரொம் என விதிக்கப்பட்டது.

ஒளியலையினும் அணுவிடைத் தூரம் ஆயிரக்கணக்கான மடங்கு சிறிது. அதனை அளக்க எக்சுக் கதிர் வந்தது. ஆயினும் கதிரின் அலைநீளத்தை அறியப் பளிங்கின் அணுவிடைத் தூரம் முன்னரே தெரிதல் வேண்டும். அத்தூரமோ பளிங்கின் அடர்த்தியையும் அவகாதரோ எண்ணையும் கொண்டு கணிக்கப்பட்டது. அவ்வெண் மில்லிக்கன் எண்ணெய்த் துளிகளால் அளந்த இலத்திரன் ஏற்றத்திலிருந்து பெறப்பட்டது. இவ்வடிப்படையிலேயே சீக்பான் அங்ஸ்ரொமின் ஆயிரத்திலொரு பங்கெனக் கருதி 'எக்சு அலகு' என்பதை வகுத்தார்.

1925இல் கொம்ரனும் டோனும் நுண்கோடுகள் கீறிய தட்டினால் எக்சுக் கதிரை நேரே அளந்து காட்டினர். அம்முறையைப் பின்பற்றிய பெக்லின் 1928இல் உப்சலாவிலேயே ஒரு முரண்பாட்டைக் கண்டார். எக்சு அலகு கருதியதிலும் ஏறத்தாழ 0.2 சதவீதம் பெரிதாயிருந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, மில்லிக்கன் பயன்படுத்திய வளியின் பிசுக்குமைப் பெறுமானம் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறைவென்பது 1930களில் வெளியாயிற்று. அதனால் இலத்திரன் ஏற்றம் 0.6 சதவீதம் குறைந்தது. கனமூலம் எடுக்கையில் அணுவிடைத் தூரம் 0.2 சதவீதம் சுருங்கிற்று. வளியின் இயல்பொன்றில் நேர்ந்த சிறுபிழை, உலகின் பளிங்கு அளவுகள் அனைத்தையும் குறுக்கிவிட்டமை வியத்தற்குரியது. 1947இல் பழைய எண்களை 1.00202ஆற் பெருக்கித் திருத்தும் முறை ஏற்கப்பட்டது.

1960இல் மீற்றர், கிரித்தன் ஒளியின் 1,650,763.73 அலைநீளமென வரையறுக்கப்பட்டது. 1973இல் சிலிக்கன் பளிங்கின் அணுவடுக்குகள் எக்சுக் கதிராலும் ஒளியாலும் ஒருங்கே அளக்கப்பட்டு, அணுவும் மீற்றரும் நேரே இணைந்தன. 1983 முதல் மீற்றர் ஒளியின் வேகத்தைக் கொண்டே வரையறுக்கப்படுகின்றது. சிலிக்கனின் அடிப்படைக் கட்டம் 5.431 அங்ஸ்ரொம், ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ 18 இலட்சத்து 41 ஆயிரம் கட்டங்கள் அடங்கும்.

பத்தின் அடுக்குகளாற் பெருக்குதல் எவர்க்கும் எளிது. அப்பெருக்கம் பொருளுலகிற்குப் பொருந்துமெனத் துணிதற்கு ஒவ்வோர் இணைப்பையும் அளந்தே உறுதிசெய்தல் வேண்டும். தசமப் புள்ளியை இடம்பெயர்க்கும் மாணவன் தன் கைக்கீழ் இருப்பது பலர் பிழைத்தும் திருத்தியும் அமைத்த பாலமென உணர்வானாயின், கணக்கு அவனுக்கு வெறும் கணக்காய் இராது.