சிவப்புக் குமிழும் ஒரு துண்டுக் காகிதமும்



1935 நவம்பர் 27. இரத்மலானையில் முதல் விமானம் வந்திறங்கிய நாள். மெட்ராஸ் பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ ஓட்டி வந்த 'புஸ் மொத்' என்ற சிறிய விமானம் அது. அதற்குச் சரியாக நான்கு வாரங்களுக்கு முன், ஒக்டோபர் 30 அன்று, அமெரிக்காவின் ஓஹியோவில் ஒரு விபத்து நடந்தது. இன்று எந்த விமானியும் கையில் பட்டியல் இல்லாமல் எஞ்சினை இயக்காததற்கு அந்த விபத்துதான் காரணம்.

போயிங் நிறுவனத்தின் நான்கு எஞ்சின் விமானம், மொடல் 299. ஓட்டியவர் மேஜர் ஹில், கைதேர்ந்த சோதனை விமானி. மேலெழுந்த சில நொடிகளில் விமானம் விழுந்து எரிந்தது. அவரும் போயிங்கின் தலைமைச் சோதனை விமானி டவரும் உயிரிழந்தனர். எஞ்சினில் கோளாறு இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் வால் பகுதி ஆடாமலிருக்கப் போடும் பூட்டைக் கழற்ற மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இராணுவ விமானிகள் கூடி யோசித்தார்கள். இன்னும் கெட்டிக்காரரைத் தேடவில்லை. புறப்படுமுன், பறக்கையில், இறங்குமுன், இறங்கியபின் செய்யவேண்டியவற்றைக் காகிதத்தில் எழுதினார்கள். அதே விமானம் பின்னர் பி-17 என்ற பெயரில் 12,000க்கு மேல் தயாரிக்கப்பட்டது.

சிறிய விமானத்தில் இப்பட்டியல் ஏன் உயிர்காக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். பழைய மோட்டார் சைக்கிளின் 'சோக்' நமக்குத் தெரியும். அதை இழுத்தால் பெற்றோல் கூடும், காற்றுக் குறையும். செஸ்னா போன்ற விமானங்களில் அந்தக் கலவையைச் சரிசெய்ய ஒரு சிவப்புக் குமிழ் இருக்கிறது. உயரே போகப்போகக் காற்று மெலியும். பெற்றோலைக் குறைக்காவிட்டால் வீண்செலவு, பிளக்கில் கரி, எஞ்சின் வலுவும் குறையும். எனவே விமானி குமிழைச் சற்று வெளியே இழுப்பார். 1944இல் பசிபிக் போர்முனையில் லிண்ட்பேர்க் இளம் விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்ததும் இந்தச் சிக்கனத்தைத்தான். அதே எரிபொருளில் அவர்கள் வெகுதூரம் போனார்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நமக்கு அதன் அருமை புரியும்.

ஆனால் கீழே இறங்கும்போது காற்று மீண்டும் அடர்த்தியாகும். குமிழை உள்ளே தள்ள மறந்தால் பெற்றோல் போதாது. இறங்க முடியாமல் திரும்ப மேலெழ வேண்டிய நேரத்தில் எஞ்சின் திணறும், நின்றும் போகலாம். மேலே நல்ல பழக்கமாக இருந்ததே கீழே ஆபத்தாகிறது. அதனால்தான் இறங்குமுன் படிக்கும் பட்டியலில் 'கலவை' என்று ஒரு வரி இருக்கிறது.

தெரியாதவருக்காக எழுதப்பட்டதல்ல அந்த வரி. நன்றாகத் தெரிந்து, கை பழகி, மனம் வேறெங்கோ போய்விடுபவருக்காக எழுதப்பட்டது.

ஏ9 வீதியில் தினமும் நம் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் சகோதரர்களே, உங்கள் அனுபவத்தில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் பிரேக், டயர், கதவு, பிள்ளைகளின் எண்ணிக்கை என நான்கே வரிகள் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கட்டும். புறப்படுமுன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.

அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக.