பத்திரிகைக்காரருக்குப் பெண் கிடையாது!

நடந்த கல்யாணம் செல்லுமா, செல்லாதா? இந்த ஒரு கேள்வி 1904-ஆம் ஆண்டு கெய்ரோ நகரத்தையே இரண்டு கட்சியாகப் பிரித்தது.

மாப்பிள்ளை, ஷேக் அலி யூசுஃப். எகிப்தின் தெற்குப் பகுதியில் ஒரு கிராமத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கெய்ரோவுக்கு வந்து அல் அஸ்ஹரில் படித்து, 1889-ல் 'அல் முஅய்யத்' பத்திரிகையைத் தொடங்கி, நாட்டை ஆண்ட அப்பாஸ் ஹில்மிக்கே நெருக்கமானவர். பெண், சஃபியா. அவருடைய அப்பா ஷேக் அப்துல் காலிக் அல் சாதாத். நபிகள் நாயகத்தின் வம்சாவளி என்று ஊரே எழுந்து நின்று மரியாதை செய்யும் குடும்பம்.

முதலில் அப்பா நிச்சயத்துக்குத் தலையாட்டிவிட்டார். அப்புறம் கல்யாணத் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார். வருஷங்கள் ஓடின. ஒருநாள் சஃபியா உறவினர் வீட்டுக்குக் கிளம்பிப் போனார். அங்கேயே நிக்காஹ் முடிந்தது. அப்பாவுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது தெரியுமா? பத்திரிகைச் செய்தியைப் படித்து! நேராக கோர்ட்டுக்குப் போய்விட்டார்.

வழக்குக்குள் நுழையுமுன் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுவோம். இஸ்லாத்தில் திருமணம் என்பது ஓர் ஒப்பந்தம். ஒரு தரப்பு சொல்ல வேண்டும், மறு தரப்பு ஏற்க வேண்டும். அதைக் கேட்க இரண்டு சாட்சிகள் வேண்டும். மாப்பிள்ளை பெண்ணுக்கு மஹர் தர வேண்டும். நம்ம ஊர் வரதட்சணைக்கு நேர் எதிர். மஹர் பெண்ணின் சொந்தச் சொத்து, அவள் அப்பாகூட அதில் கை வைக்க முடியாது.

சரி, பெண்ணின் சம்மதம்? மதீனாவில் கன்ஸா என்ற பெண்ணை, அவள் விருப்பத்துக்கு மாறாக அப்பா கட்டிவைத்துவிட்டார். ஏற்கெனவே ஒருமுறை மணமானவள் அவள். நேரே நபிகளிடம் போய் முறையிட்டாள். அந்தத் திருமணத்தை அவர் ரத்து செய்தார். ஆக, அப்பா 'சரி' என்றாலும், அவள் 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான்.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பெண் 'சரி' என்கிறாள், அப்பா 'வேண்டாம்' என்கிறார். அப்போது? இங்கேதான் சட்ட அறிஞர்கள் பிரிகிறார்கள். பெண்ணின் பொறுப்பாளரை 'வலீ' என்பார்கள், பெரும்பாலும் அப்பாதான். வலீ இல்லாமல் நிக்காஹ் கூடாது என்பது ஷாஃபி, மாலிகி, ஹன்பலி பிரிவுகளின் கருத்து. ஹனஃபி பிரிவு மட்டும், வயது வந்த பெண் தானே நிக்காஹ் செய்துகொள்ளலாம் என்றது. எகிப்து ஷரீஅத் கோர்ட்டுகளில் செல்லுபடியானது ஹனஃபி சட்டம். அப்படியென்றால் சஃபியாவுக்கு ஜெயம்தானே?

அதுதான் இல்லை! அதே ஹனஃபி சட்டத்தில் ஒரு பின்வாசல் இருந்தது. பெயர் 'கஃபாஆ', அதாவது பொருத்தம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு அந்தஸ்தில் குறைந்தவர் என்றால், திருமணத்தை ரத்து செய்யும்படி வலீ காஜியிடம் கேட்கலாம். வம்சம், பணம், தொழில் எல்லாமே கணக்கில் வரும். நெசவு செய்பவர், தோல் பதனிடுபவர் எல்லாம் துணி வியாபாரி வீட்டுப் பெண்ணுக்குப் பொருத்தமில்லை என்று பழைய நூல்களில் பட்டியலே உண்டு. பத்திரிகை ஆசிரியர்? பாவம், பட்டியல் போட்டவர்கள் காலத்தில் பத்திரிகையே கிடையாது!

அப்பா தரப்பு விடவில்லை. ஊரார் ரகசியத்தைத் துருவி விற்கும் இழிதொழில் அது என்று வாதாடியது. அலி யூசுஃப் தரப்பு, அவரும் உயர்ந்த வம்சம்தான் என்று வம்சாவளியைக் காட்டியது. தீர்ப்பு வரும்வரை தம்பதி பிரிந்திருக்கட்டும் என்றார் நீதிபதி அபூ கத்வா. அப்பா வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று சஃபியா உறுதியாக மறுத்து, ஒரு மார்க்க அறிஞரின் வீட்டில் தங்கினார்.

ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. திருமணம் ரத்து! வம்சமும் பொருந்தவில்லை, தொழிலும் பொருந்தவில்லை. இப்போது பணக்காரராக இருந்தால் என்ன, ஆரம்பத்தில் ஏழைதானே என்றது கோர்ட். அப்பீலிலும் அதே முடிவு. கவிஞர் ஹாஃபிஸ் இப்ராஹிம் இந்தக் கூத்தைப் பற்றிக் கவிதையே எழுதினார். தன் அத்தை மகள் ஜைனபை, விடுதலை பெற்ற அடிமையான ஜைதுக்கு மணம் முடித்து வைத்தவர் நபிகள். அவர் பெயரைச் சொல்லும் குடும்பம்தான் இங்கே அந்தஸ்து பேசியது.

கதை அதோடு முடியவில்லை. கோர்ட்டில் ஜெயித்த அப்பா, பிறகு மனமிறங்கினார். புதிதாக நிக்காஹ் நடந்தது. அதே மாப்பிள்ளை, அதே பெண். வம்சம் மாறவில்லை, தொழிலும் மாறவில்லை. அப்பா 'சரி' என்றதும் பொருத்தம் தானாக வந்துவிட்டது! 1913-ல் இறப்பதற்கு முன் அலி யூசுஃப், எந்த சாதாத் குடும்பத்துக்குப் பொருத்தமில்லை என்றார்களோ, அதே சாதாத்களின் சூஃபி அமைப்புக்கே தலைவரானார்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். அந்தக் கோர்ட்டில் உண்மையில் அளக்கப்பட்டது மாப்பிள்ளையின் அந்தஸ்தா, பெண்ணின் சொல்லுக்கு இருந்த மதிப்பா?